முத்திரை போட்ட அழைப்பிதழ்

குஷன்காரருக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. நாற்காலி ஒன்றுக்கு உறை தைக்கக் கொடுத்தால் கைப்பிடிக்கும் சேர்த்து ஸ்பாஞ்சு வைத்து, ஓரமெல்லாம் சிவப்புப் பட்டி ஓட்டி, கொடுத்தவர் தன் நாற்காலியை அடையாளம் தெரியாமல் முழிக்கிற மாதிரி செய்து அனுப்புவார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனுஷர்கள் ஆசையாகச் செய்துவைக்கிற கூத்துக்குத்தான் வீட்டில் இருப்பவர்கள் அதிகமாக ஓட வேண்டியிருக்கிறது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் வக்கீலாபீஸ் அக்கா என்பார்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒரு வக்கீலிடம் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, அவர் கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் காலையில் அவருக்கே ஞாபகப்படுத்தி அனுப்புகிற அளவுக்கு வந்தவள். நாள் முழுக்க அவள் அடிக்கிற பத்திரங்களில் வேறு யாரோ நோட்டரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார்கள். 'நாம் ஏன் வைக்கக் கூடாது?' என்று ஒருநாள் தோன்றிவிட்டது. சட்டப் புத்தகத்தை வாங்கிச் சமையலறையில் வைத்துப் படித்தாள். முதல் தடவை பரீட்சையில் தோற்றாள். தோற்றதை வக்கீல் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் தடவை ஜெயித்தாள். பதிவாளர் முன்னால் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்து, நியமன ஆணையைக் கையில் வாங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வக்கீல் ஆபீஸ் வேலைக்கு முழுக்குப் போட்டாள். மறுநாளே அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்வி.

வீட்டின் முன்னறை அதுவரை குஷன்காரரின் பட்டறை. ரெக்சின் சுருள்களும் பசை வாடையும் கனத்த தையல் மெஷினுமாக நிறைந்து கிடந்த அறையைப் பாதியாகத் தடுத்து, அவளுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். எதிரே வருகிறவர்கள் உட்கார ஒரு சோபா. அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அவ்வளவு ஸ்பாஞ்சு. மேஜை டிராயருக்குப் பூட்டு மட்டும் பாக்கி. "இன்னிக்கு மாட்டறேன், நாளைக்கு மாட்டறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முத்திரை வந்து சேர்ந்தது. மை வைத்துக் குத்துகிற ரகம் இல்லை. இரும்புக் கைப்பிடியை அழுத்தினால் வெறும் தாளில் வட்டமாக, மேடாக எழும்பும், நடுவில் அவள் பெயர், சுற்றிலும் நியமன எண். அவள் அதைப் பூட்டில்லாத டிராயரில் வைத்துவிட்டு, வக்கீல் ஆபீஸ் கணக்கு வழக்குகளை ஒப்படைக்கப் போனாள். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. அவள் பருப்பு வேகவைத்து அதில் போடக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் சலவைக்கடை வைத்திருப்பவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, பத்திரிகை ரொம்பப் பிரமாதம்! நேத்தே சொல்லணும்னு இருந்தேன். நம்ம தெருவுல இப்படி ஒண்ண யாரும் அடிச்சதில்ல."

"என்ன பத்திரிகை?"

"உன் ஆபீஸ் திறப்பு விழாதான். வீட்டுக்காரர் வந்து குடுத்தாரே. இங்க பாரு, தடவிப் பாரு, எப்படி மேடா இருக்குது! உன் பேரு கையில தட்டுப்படுது அக்கா."

அவள் ஈரக்கையைத் துடைக்காமல் அட்டையை வாங்கினாள். வெளிப்பக்கம் தங்க எழுத்தில் அழைப்பு. திறந்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளை. அடியில் அவளுடைய முத்திரை.

"இதை நான் வெச்சுக்கறேன்மா."

"ஐயோ, எனக்குக் குடுத்தது அக்கா அது!"

"வேற தரேன். இது வேண்டாம்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சலவைக்கடைக்காரி துண்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க! கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

குஷன்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, காதில் சொருகிய சாக்குக்கட்டியோடு எட்டிப் பார்த்தார். அட்டையைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாயிற்று. "பாத்துட்டியா? உன் கண்ணுல கடைசியாக் காட்டணும்னு நெனச்சேன். யாரு சொன்னா?"

"இந்த முத்திரையை யார் வெச்சது?"

"நான்தான். வேற யாரு? பிரஸ்காரன் தங்க எழுத்துல அடிச்சுக் குடுத்தான், உள்ள பாத்தா மொட்டையா இருந்துச்சு. நீயோ நோட்டரி. மொட்டையாக் குடுத்தா எவன் மதிப்பான்? அழுத்திப் பாத்தேன், அடேயப்பா, சும்மா சொல்லக் கூடாது, என்னா எடுப்பு! ஒவ்வொண்ணா உக்காந்து..."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடல."

"எல்லாத்தையும் குடுத்தாச்சா?"

"நேத்தே குடுத்தாச்சு. பேக்கரி, மருந்துக்கடை, டிப்போ, பஸ் முதலாளி வீடு வரைக்கும். நீ எதுக்கு இப்படி முழிக்கிற?"

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். அது அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கிருந்தபடியே சொன்னாள்: "இது என் முன்னாடி ஆள் வந்து, அவர் யாருன்னு நான் பாத்து, என் கண்ணெதிர கையெழுத்துப் போட்டபெறகு வைக்கிறது. இப்ப ஊர் பூரா வெள்ளைத் தாள்ல என் முத்திரை சுத்துது. மேல எவன் என்ன வேணா அடிச்சுக்கலாம். வீட்டை எழுதிக் குடுத்தேன்னு அடிக்கலாம். என் கையெழுத்தைப் பாத்து எழுத எவ்வளவு நேரமாகும்? முத்திரையைத்தான் யாராலயும் செய்ய முடியாது. அதை நீங்களே செஞ்சு குடுத்துட்டு வந்திருக்கீங்க."

குஷன்காரர் காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையேம்மா."

"பதிவாளருக்குத் தெரிஞ்சா என் நியமனம் போயிடும். ஒருதரம் ரத்தானா மறுபடி வாழ்நாள்ல கிடைக்காது. வக்கீல் ஆபீஸ்லயும் இடம் இல்ல. நான் எங்க போவேன்?"

குடையை எடுத்தாள். அவரும் வண்டிச் சாவியை எடுத்தார். மாமியார் ஜன்னலோரத்திலிருந்து, "பருப்பு அடிபிடிக்குதுடி" என்று சத்தம் போட்டார். யார் காதிலும் விழவில்லை.

அந்த மழையில் இரண்டு பேரும் ஏறி இறங்காத வாசல் இல்லை. அவர் முந்தின நாள் போன வழியிலேயே மறுபடி போனார்கள். பேக்கரிக்காரர் அட்டையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கேக் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். மருந்துக்கடையில் அதன்மேல் இருமல் மருந்துச் சீசா உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டில் குழந்தை அதில் பூனை வரைந்திருந்தது. அந்தப் பூனையைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கலவரத்திலும் சிரிப்பு வந்தது, அந்தத் தாளில் இனி யாரும் பத்திரம் அடிக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் குஷன்காரர் முதலில் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். "அச்சுப் பிழைங்க, வேற அடிச்சுத் தரோம்..."

அவள் குறுக்கே வந்துவிடுவாள். "பிழை அச்சுல இல்லைங்க. என் முத்திரை வெறும் தாள்ல இருக்கக் கூடாது. நீங்க என் எதிர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நான் இதை வைக்கணும். வெச்சது தப்பு. அதான் திரும்ப வாங்க வந்திருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, "நேர்லதான் வரணுமா? நான் வீட்டுலயே போட்டு யார்கிட்டயாவது குடுத்து அனுப்பிடலாம்னு இருந்தேன்" என்று விவரம் கேட்டார்கள். நனைந்த துணியோடு நின்றுகொண்டு அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.

பஸ் முதலாளி வீட்டு வாசலில் குஷன்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஊரில் ஓடுகிற பாதிப் பஸ் அவருடையது. பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கிற சீட்டு வேலையெல்லாம் அவர் கொடுப்பதுதான்.

"நீ மட்டும் போறியா?" என்றார்.

"ரெண்டு பேரும் போவோம்."

முதலாளி அட்டையைக் காதோரம் விசிறிக்கொண்டே வெளியே வந்தார். அதன் வெளிப்பக்கம் யாருடைய போன் நம்பரோ எழுதியிருந்தது. "இதுக்கா இந்த மழையில வந்தீங்க? ஏன்மா, இதை வெச்சு நான் என்ன உன் வீட்டையா எழுதி வாங்கப்போறேன்?"

"நீங்க வாங்கமாட்டீங்க. உங்க குப்பைக்கூடையில இருந்து எடுக்கறவன் வாங்குவான்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போன் நம்பரை வேறொரு தாளில் எழுதிக்கொண்டு அட்டையைக் கொடுத்துவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "போச்சு, சீட்டு வேலையும் போச்சு" என்று வண்டியைக் கிளப்பும்போது குஷன்காரர் முனகினார்.

வீட்டுக்கு வந்து மேஜையில் அடுக்கி எண்ணினார்கள். பிரஸ்காரர் கொடுத்த கணக்குக்கு ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார்கள். அதே ஒன்றுதான்.

மாமியார் அடிபிடித்த பருப்பில் மேலாக இருந்ததை வழித்து ரொட்டியோடு வைத்தார். "ஒண்ணுதானே, தொலையட்டும். மத்ததை எல்லாம் அடுப்புல போடுங்க. ஊதினா சாம்பல். யாருக்குத் தெரியப்போகுது?"

"அதானே" என்றார் குஷன்காரர். அவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அம்மா சொல்றதுல என்ன தப்பு? நாம என்ன திருடினோமா?"

"நான் பதிவாளர்கிட்ட சொல்லப் போறேங்க."

"எதை?"

"எல்லாத்தையும். முத்திரை கை மாறினா உடனே தெரிவிக்கணும். அப்படித்தான் கை தூக்கிச் சொல்லியிருக்கேன்."

"அப்ப என்னைக் காட்டிக் குடுக்கப்போற."

"பூட்டு இல்லாத டிராயர்ல வெச்சது நான். என் தப்புன்னுதான் சொல்வேன்."

"நீயா வலியப் போய் நின்னா வேலையைப் புடுங்காம என்ன செய்வாங்க? ஆசை ஆசையா இந்த மேஜையைப் போட்டேன். என்னாலேயே போச்சுன்னு ஊரு சிரிக்கணுமா?" ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா, பயமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

அவளுக்கும் அழுகை வந்தது. எரித்துவிடலாம் என்ற யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. தீப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது, 'நீங்கள் சொல்வது உண்மையா?' என்று எந்த வாயால் கேட்பது?

மறுநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது குஷன்காரர் வண்டியோடு வாசலில் நின்றார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பதிவாளர் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஈரக் குடைகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. அவரை அங்கேயே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். பதிவாளரம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். அட்டைக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பூனை வரைந்த அட்டையைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"என் கவனக்குறைவால் முத்திரை பதிக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. பதிச்சது யாரு?"

"என் பொறுப்புல இருந்த முத்திரைம்மா. நான் பூட்டி வைக்கல."

"அதைக் கேக்கலை. யாரு பதிச்சாங்க?"

அவள் மேஜையில் சரிந்திருந்த அட்டைகளை அடுக்கினாள். பதிவாளரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "எழுதறதுல பாதியை மறைச்சா, அதுக்குப் பேரு தெரிவிக்கிறது இல்ல. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கதவு திறந்தது. பெஞ்சில் இருந்தபடியே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குஷன்காரர் அனுமதி கேட்க மறந்து உள்ளே வந்து நின்றார்.

"நான்தாங்க. அவ வீட்டுல இல்லாதப்ப நான் எடுத்து வெச்சேன். அவளுக்குத் தெரியாது. பெருமையா இருந்துச்சுங்க, அதான். ஊருக்கெல்லாம் காட்டணும்னு... எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரருங்க. சீட்டுக் கவர் தைக்கிறவன்."

பதிவாளரம்மாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், வெளியே வரவில்லை. "இதையே எழுத்து மூலமா, நோட்டரி முன்னாடி உறுதி சொல்லிக் கொண்டு வாங்க. கீழ ஒருத்தர் இருக்கார். உங்க வீட்டம்மா செய்யக் கூடாது, புரியுதா?"

கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. வழுக்கைத் தலை நோட்டரி ஒருவர் அங்கே தட்டச்சு செய்த தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். டிரைவிங் லைசென்ஸைக் கேட்டார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குஷன்காரர் தலைமுடியைப் படத்தில் இருக்கிற மாதிரி படியத் தடவி விட்டுக்கொண்டார்.

"இதுல இருக்கிறது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? யாராவது மிரட்டிக் கையெழுத்து வாங்கறாங்களா?"

"இல்லைங்க."

"எழுதியிருக்கிறது உண்மைதானா? கையைத் தூக்கிச் சொல்லுங்க."

ரெக்சினை இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய கை. அதைத் தூக்கினார். "உண்மைதாங்க. நான்தான் செஞ்சேன்."

நோட்டரி அதற்குப் பிறகுதான் கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினார். பதிவேட்டில் எழுதினார். மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் முத்திரையை எடுத்தார். வெளியே வந்ததும் குஷன்காரர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "ஒரு தாளுக்கு இவ்வளவு பாப்பீங்களா?"

"இவ்வளவும் பாக்கணும்."

"நான் ரேடியோவைப் போட்டுக்கிட்டு அழுத்திக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

பதிவாளரம்மா வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்தார். "ஒரு அட்டை குறையுது. அது எங்கன்னு தெரியாம நான் சாதகமா எழுத முடியாது. தேடுங்க. கிடைக்கலைன்னா ரத்துக்குத்தான் பரிந்துரை செய்யணும்."

வீடு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் நடக்கத் தெம்பு இல்லை. அவள் சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். "எல்லா இடத்துலயும் கேட்டாச்சு. இனி எங்க போய்த் தேடறது?"

"என்ன சொன்னாங்க?" என்றார் மாமியார்.

"அந்த ஒரு அட்டை இல்லைன்னா வேலை போயிடும் அத்தை."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். துணி அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைத் துணிப்பொட்டலம். அதைப் பிரித்தார். அட்டை கசங்காமல், மடங்காமல் இருந்தது.

"அம்மா!" என்று குஷன்காரர் கத்தியே விட்டார். "ஊரெல்லாம் மழையில அலைஞ்சோமே!"

"என்னைத்தான் யாரும் கேக்கலையே."

"அடுப்புல போடச் சொன்னீங்களே அத்தை?"

"மத்ததைச் சொன்னேன்." மாமியார் மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "இவன் அழுத்திக்கிட்டிருந்தப்பவே ஒண்ணை எடுத்துட்டேன். நீ படிக்கிறப்ப விளக்கை அணை, விளக்கை அணைன்னு கத்தினவ நான். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எனக்கும் ஒண்ணு குடுன்னு கேப்பேன்? எழுத்து தெரியாது. ஆனா தடவினா தெரியுது. நம்ம வீட்டுப் பொம்பளை பேரு அப்படி நிக்கிறதை நான் எங்க பாத்திருக்கேன்?"

அவள் எழுந்துபோய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கையை அப்படிப் பிடித்ததில்லை. இரண்டு பேருமே அழுதார்கள். குஷன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "என் வீட்டுல என்னைவிடப் பெரிய ஆள் இருக்கு" என்றார். மாமியார், "போடா" என்றார்.

கடைசி அட்டையும் போய்ச் சேர்ந்தது. பதிவாளரம்மா எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார், கடுமையான கடிதம்தான். பழைய முத்திரையை அவர்கள் கண்ணெதிரிலேயே நசுக்கினார்கள். வேறு எண்ணில் புது முத்திரை செய்துகொள்ளலாம் என்றார்கள். நியமனம் தப்பியது. கடிதத்தின் கடைசியில், தானாக வந்து தெரிவித்ததைக் கருத்தில் கொண்டு, என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆபீஸ் திறந்த அன்று விழா ஒன்றும் இல்லை. டிராயரில் பூட்டு, சாவி அவள் கழுத்தில். காலையில் முதல் ஆளாகச் சலவைக்கடைக்காரி வந்தாள். மகளை வெளிநாட்டில் இருக்கும் தங்கையிடம் அனுப்புகிறாள், அதற்குச் சம்மதப் பத்திரம்.

"கையெழுத்து இன்னும் போடல அக்கா. உன் எதிர்லதான் போடணும்னு நீதானே சொன்ன?"

"அடையாள அட்டை?"

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். எடு."

சலவைக்கடைக்காரி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அவள் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள். கையெழுத்து ஆனது. பதிவேட்டில் எழுதினாள். கழுத்திலிருந்து சாவியை எடுத்து டிராயரைத் திறந்தாள். தடுப்போரம் நின்ற குஷன்காரர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"நீ எடு. நான் பாக்கல."

சலவைக்கடைக்காரி சோபாவில் புதைந்து கிடந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். "தொடத்தாங்க கூடாது. பாக்கறதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல. திரும்புங்க" என்றாள் மனைவி.

திரும்பினார். கைப்பிடி கனம். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினாள். அவர் கை தானாக முன்னால் வந்தது, அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தாளில் வட்டம் எழும்பியது.

வாசலில் கார் வந்து நின்றது. பஸ் முதலாளி ஒரு கட்டுத் தாளோடு இறங்கினார். கூடவே அவருடைய கூட்டாளி, தூக்கக் கலக்கத்தோடு.

"இவனையும் இழுத்துட்டு வந்துட்டேன்மா. ஆள் வரலைன்னா வேலை நடக்காதுன்னு பேக்கரியில சொல்றான், மருந்துக்கடையில சொல்றான், டிப்போவுல சொல்றான். வேற நோட்டரிகிட்ட குடுத்து அனுப்பினாலே போதும், எனக்குத் தெரியும். ஆனா இது என் கம்பெனிப் பத்திரம். குப்பைக்கூடையைப் பத்தி யோசிக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

கூட்டாளி பேனாவை எடுத்துக்கொண்டு நின்றபடியே முதல் தாளைப் புரட்டினார். முதலாளி முன்னால் என்றைக்கும் வாய் திறக்காத குஷன்காரர், கட்டிய கையை அவிழ்க்காமலேயே ஒரு அடி முன்னால் வந்தார்.

"பேனாவைக் கீழ வைங்க. முதல்ல உங்க முகத்தை அவ பாக்கணும்."